வண்டலா, கருமண்ணா: இங்கிலாந்தின் ஃபென் நிலத்தில் குடியேற எந்தப் பக்கம் ஏற்றது?

கிழக்கு இங்கிலாந்தில் லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர், நார்ஃபோக் ஆகிய பகுதிகளில் பரந்து கிடக்கும் ஃபென் சமவெளி, காரில் கடந்து செல்பவர்களுக்கு ஒரே நிலமாகத்தான் தெரியும். எங்கும் நேர்கோட்டு வாய்க்கால்கள், மேடு பள்ளமற்ற வயல்கள், மறைப்பில்லாத வானம். ஆனால் அங்குள்ள ஒரு விவசாயக் கிராமத்தில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ நினைப்பவர், படுக்கையறைகளை எண்ணுவதற்கு முன்பு, வீட்டுக்கு அடியில் இருப்பது வண்டலா கருமண்ணா என்று விசாரிப்பது நல்லது. ஸ்பால்டிங், ஹோல்பீச், விஸ்பீச் முதலிய ஊர்கள் இருக்கும் கடலோரப் பக்கம் வண்டல் நிலம். லிட்டில்போர்ட், சாட்டரிஸ், ராம்சி ஆகியவற்றைச் சுற்றியுள்ள உட்பக்கம் பெரும்பாலும் கருமண். இரண்டிலும் வாழ்க்கை ஒன்றல்ல.

வண்டல் என்பது கடல் அலைகள் கொண்டுவந்து சேர்த்த களிமண்ணும் நுண்மணலும். கருமண்ணோ, நாணலும் பாசியும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் முழுமையாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்முய்டனின் திட்டப்படி நீண்ட கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தபோது, காய்ந்த கருமண் சுருங்கவும் காற்றுப் பட்டுக் கரையவும் தொடங்கியது. இன்னும் அது நிற்கவில்லை. 1851இல் விட்டில்சி மியர் என்ற ஏரி வற்றவைக்கப்பட்ட காலத்தில், அதன் அருகே ஹோம் ஃபென் என்னுமிடத்தில் தரைமட்டம் வரை இறக்கப்பட்ட இரும்புத் தூண் இப்போது ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. அந்த இடம் கடல்மட்டத்துக்கு 2.75 மீட்டர் கீழே இருக்கிறது. பிரிட்டனின் மிகத் தாழ்ந்த நிலம் அதுதான். இதனால், கடலை ஒட்டிய வண்டல் நிலம் மேடாகவும், கடலிலிருந்து தள்ளியிருக்கும் கருமண் நிலம் பள்ளமாகவும் ஆகிவிட்டன. கடலுக்கு அருகே போகப் போக ஆபத்து அதிகம் என்ற பொதுப்புத்தியை வைத்து இங்கே முடிவெடுத்தால் தவறாகிவிடும்.

இந்த வேறுபாடு வீட்டுச் சுவர்களிலேயே தெரியும். வண்டல் பக்கத்தில் டெரிங்டன் செயின்ட் கிளெமென்ட், வால்போல் செயின்ட் பீட்டர் போன்ற கிராமங்களில் இடைக்காலத்துப் பெரிய கல் தேவாலயங்கள் இன்றும் நிற்கின்றன. அந்த மண் பாரம் தாங்கும் என்பதற்கு வேறு சான்றிதழ் தேவையில்லை. கருமண் பக்கத்தில் பழைய காலத்தில் மக்கள் குடியிருந்தது ஈலி, மார்ச், சாட்டரிஸ் போன்ற களிமண் மேடுகளில் மட்டுமே. நீர் வடிந்த பிறகு வயல்களுக்கு நடுவே டிரோவ் எனப்படும் நேர் வண்டிப்பாதைகளின் ஓரமாகக் கட்டப்பட்ட வீடுகளில் சில, ஒரு பக்கம் சாய்ந்து, சன்னல் சட்டங்கள் கோணலாகி நிற்பதைக் காணலாம். பிரிக்வில்லோ என்ற கிராமத்துப் பாதிரியார் இல்லம் முளைகள் அடித்துக் கட்டப்பட்டதால் அசையவில்லை. ஆனால் சுற்றியுள்ள நிலம் இறங்க இறங்க, வாசலுக்குப் படிக்கட்டுகள் சேர்க்க வேண்டியதாயிற்று. சாலைகளும் அப்படித்தான், அலை அலையாக எழுந்து தாழும் அவற்றில் வேகமாக ஓட்டினால் வண்டி துள்ளும், ஓரத்திலோ தடுப்பில்லாத ஆழமான வாய்க்கால் காத்திருக்கும்.

கருமண் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பழைய ஆறுகள் ஓடிய தடங்களில் வண்டல் நிறைந்து, சுற்றியுள்ள கருமண் இறங்கிய பின் அவை மட்டும் மேடாக எஞ்சியிருக்கின்றன. உள்ளூரில் ராடன் என்று சொல்லப்படும் இந்த மேடுகள், உழுத கறுப்பு வயலில் வெளிறிய வளைகோடுகளாகத் தெரியும். பிரிக்வில்லோவே அப்படிப்பட்ட பழைய ஆற்றுத்தடத்தின் மேல் அமைந்த ஊர்தான். அதன் மேல் இருக்கும் வீட்டுக்கும் நூறு கெஜம் தள்ளி இருக்கும் வீட்டுக்கும் எதிர்காலம் வேறு வேறு.

வெள்ளத்தைப் பொறுத்தவரை எந்தப் பக்கமும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 1947 மார்ச்சில் பனி உருகி ஆற்றுக்கரைகள் உடைந்தபோது கருமண் பக்கம் பெரும் பரப்பு மூழ்கியது. 1953 ஜனவரி 31 இரவு கடல் பொங்கியபோது இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேர் இறந்தார்கள். 2013 டிசம்பர் 5 அன்று அதேபோலக் கடல் பொங்கியபோது லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரத் தெருக்களுக்குள் நீர் புகுந்தது. அதன் பிறகு அங்கே கதவணை கட்டப்பட்டிருக்கிறது. கருமண் பக்கமோ அன்றாடம் பம்புகளை நம்பியே உயிர்வாழ்கிறது. 2010இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜெர்மன்ஸ் நிலையம் நொடிக்கு 100 கன மீட்டர் நீரை வெளியேற்றும் திறன் கொண்டது. காப்பீட்டில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: வெள்ள அபாய வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் காப்பீடு கிடைக்க உதவும் ஃப்ளட் ரீ திட்டம் 2009 ஜனவரி 1 முதல் கட்டப்பட்ட வீடுகளுக்குப் பொருந்தாது. பளபளக்கும் புதுவீட்டைக் காட்டி விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அரிது.

தினசரி வாழ்க்கையில் கருமண் பக்கத்தின் பெரிய தொல்லை தூசி. ஏப்ரல், மே மாதங்களில் மழை இல்லாமல் பலத்த காற்று வீசினால், உழுத மேல்மண் கறுப்புத் திரையாகக் கிளம்பும். அதை ஃபென் புளோ என்பார்கள். அப்போதுதான் முளைத்த சர்க்கரை பீட்ரூட்டும் வெங்காயமும் வேரோடு பறந்துபோக, விவசாயி மறுபடியும் விதைக்க நேரும், வாய்க்கால்கள் தூர்ந்துபோகும், மூடிய சன்னலின் உட்புறத்திலும் மைபோன்ற பொடி படிந்திருக்கும். இதைத் தடுக்க வெங்காய வரிசைகளுக்கு இடையே பார்லி விதைத்து, அது காற்றை மறித்து வேலை முடித்ததும் மருந்தடித்து அழிக்கிறார்கள். வண்டல் பக்கத்தில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு. அங்கே தொல்லை லாரிகள்: முட்டைக்கோசு, காலிஃபிளவர், உருளைக்கிழங்கு என ஆண்டு முழுவதும் அறுவடையும் பொதியலும் நடப்பதால் ஏ17 நெடுஞ்சாலை ஓய்வதே இல்லை. பறவைகளை விரட்டும் எரிவாயு வேட்டுச் சத்தம் இரு பக்கத்தாருக்கும் பொது.

மனிதர்களைப் பற்றிச் சொன்னால், வண்டல் பக்கத்து நகரங்களில் 2004க்குப் பிறகு வந்த போலந்து, லித்துவேனியா, லாட்வியா நாட்டினர் ஏராளம். 2016 வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக வேண்டும் என்று பாஸ்டன் பகுதியில் 75.6 விழுக்காட்டினர் வாக்களித்தது நாட்டிலேயே அதிகம். அந்த ஊரைச் சுற்றியுள்ள பொதியல் கூடங்கள் அந்தக் கிழக்கு ஐரோப்பியரின் உழைப்பில்தான் ஓடின என்பது வேறு விஷயம். எனினும் புதிதாகக் குடியேறும் வெளிநாட்டவர் அங்கே தனியொருவராகத் தெரிய மாட்டார். கருமண் பக்கத்து டிரோவ் வீட்டில் அண்டை வீடே அரை மைலுக்கு அப்பால் இருக்கக்கூடும்; எரிவாயுக் குழாய் வராத இடங்களில் எண்ணெய்த் தொட்டியையும் கழிவுநீர்த் தொட்டியையும் நீங்களே பராமரிக்க வேண்டும்.

பள்ளிக்கூட விஷயத்தில் மண்ணைவிட எல்லைக்கோடு முக்கியம். லிங்கன்ஷயரில் நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள் இன்றும் உள்ளன, ஸ்பால்டிங்கிலும் உண்டு. கேம்பிரிட்ஜ்ஷயரில் அரசுப் பள்ளிகளில் அந்த முறை இல்லை. போக்குவரத்தில் ஈலியை அண்டிய கருமண் பக்கம் தெளிவாக முந்துகிறது, அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்கு ரயிலில் கால் மணி நேரம்தான். விஸ்பீச்சிலோ 1968இலேயே பயணிகள் ரயில் நின்றுவிட்டது. ஆனால் வெல்னி வழியாக ஊஸ் வாஷஸ் வெள்ளப்படுகையைக் கடக்கும் சாலை குளிர்காலத்தில் பல முறை நீரில் மூழ்கும் என்பதால், அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர் நீண்ட சுற்றுவழிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

குழந்தைகளோடு நிரந்தரமாகத் தங்க நினைப்பவருக்கு, உள்ளூரிலேயே வேலை கிடைக்குமானால், ஸ்பால்டிங்குக்கும் ஹோல்பீச்சுக்கும் இடையிலுள்ள வண்டல் கிராமம் ஒன்றையே பரிந்துரைப்பேன். கேம்பிரிட்ஜில் வேலை இருந்தால் மட்டும் கருமண் பக்கம் பொருந்தும். அதிலும் பழைய களிமண் மேட்டிலோ ராடன் மீதோ உள்ள வீடாகப் பார்த்து, கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டலாம். டிரோவ் ஓரத்துச் சாய்ந்த வீடு மலிவாகக் கிடைத்தால், ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஒரு குளிர்காலத்தையும் ஒரு ஏப்ரலையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.