கேரவன் கூரையில் சோலார்: டெல்டா வெயிலுக்கும் தென்னை நிழலுக்கும் எது தாங்கும்?

வேனைக் கேரவனாக மாற்றியவர்களிடம் 12 வோல்ட் அமைப்பு ஏற்கெனவே இருக்கும்: ஒரு பேட்டரி, ஃப்யூஸ் பெட்டி, கரண்ட் கிடைக்கிற இடத்தில் சொருகிக்கொள்ள ஒரு சார்ஜர். அதன்மேல் சோலார் சேர்க்கும்முன் ஒரு நாள் செலவைக் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் ஃபேன், சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், மூன்று எல்இடி விளக்கு, இரண்டு செல்போன் எல்லாம் சேர்ந்து கோடையில் சுமார் 750 வாட்-அவர் வரும். தஞ்சாவூர்ப் பக்கம் கூரையில் படுக்கவைத்த 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் 700 தரும். அதாவது, ஒன்று போதாது, இரண்டு வேண்டும். சிக்கல் தொடங்குவதும் அந்த இரண்டாவது பேனலில்தான்.

முதல் கேள்வி சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. இரண்டு வகை உண்டு: பேனலை நேரே பேட்டரியோடு இணைக்கும் பிடபிள்யூஎம் மலிவு, கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி அதைப்போலப் பல மடங்கு விலை. 36 செல் கொண்ட 200 வாட் பேனலின் லேபிளில் 18 வோல்ட், 11 ஆம்பியர் என்று இருக்கும். பிடபிள்யூஎம் அதைப் பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். 13 × 11 என்றால் 143 வாட்தான். மீதி போச்சு. எம்பிபிடி வாங்கினால் 30 சதவீதம் கூடுதல் என்று கடையில் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஆனால் லேபிள் எழுதியது 25 டிகிரி செல்லுக்கு. சித்திரை மதியம் செல்லின் சூடு 65 டிகிரியைத் தொடும். 18 வோல்ட் 15.5-க்கு இறங்கிவிடும். அப்போது இரண்டுக்கும் வித்தியாசம் 15 சதவீதத்துக்குப் பக்கம்தான். வெயிலுக்காக மட்டும் என்றால் எம்பிபிடிக்கு அவ்வளவு காசு கொடுக்க வேண்டியதில்லை.

நிழலுக்காகக் கொடுக்கலாம். டெல்டாவில் வண்டி நிற்பது கொல்லையிலும் ஆற்றங்கரையிலும்தான். தென்னை மட்டையின் நிழல் பேனல்மேல் விழாத இடம் அபூர்வம். 36 செல் பேனலுக்குள் வழக்கமாக இரண்டு பைபாஸ் டயோடு (நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்துக்கு மாற்றுவழி விடுவது) இருக்கும், 18 செல்லுக்கு ஒன்று. ஒரே ஒரு செல்லை மட்டை முழுதாக மறைத்தாலும் பேனலில் பாதி ஒதுங்கிவிடும். 9 வோல்ட் மிஞ்சும். பேனல்களைப் பேரலலாக (பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ்) கட்டியிருந்தால் அந்த 9 வோல்ட்டால் 13 வோல்ட் பேட்டரிக்குள் போக முடியாது, அந்தப் பேனலே கிட்டத்தட்ட வீண். சீரிஸில் (ஒன்றன் பாசிட்டிவோடு மற்றதன் நெகட்டிவ், வோல்ட் கூடும்) கட்டியிருந்தால் 36 வோல்ட்டில் 27 மிஞ்சும்; எம்பிபிடி அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி, நாலில் மூன்று பங்கு மின்சாரத்தைக் கொடுத்துவிடும். "நிழல் என்றால் பேரலல்தான்" என்ற பேச்சு, ஒரு பேனல் முழுக்க மரத்தடியில் மாட்டும்போது சரி. மட்டை நிழலுக்குச் சரியில்லை. பிடபிள்யூஎம்மில் சீரிஸ் கட்டிப் பயனில்லை. கூடுதல் வோல்ட் எல்லாம் வீணாகும். இரண்டு பேனல் சீரிஸில், எதிலும் இணைக்காதபோது, 44 வோல்ட் வரும், 75 வோல்ட் தாங்கும் 30 ஆம்பியர் எம்பிபிடி தாராளம். இங்கே பனிக்காலத்தில் வோல்ட் எகிறிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

வளையும் பேனலா, கண்ணாடிப் பேனலா? கண்ணாடிதான். வளையும் பேனலைத் தகரக் கூரையில் ஒட்டினால் அடியில் காற்றுக்கு வழியில்லை. மேலே சொன்ன சூட்டு இழப்பு இன்னும் கூடும், சில வருடத்தில் மேல்படலம் கொப்பளித்து மங்கும். கண்ணாடிப் பேனலுக்கு அடியில் 50 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். சாய்ப்பதற்கான தாங்கி தேவையே இல்லை, தஞ்சாவூர் கிட்டத்தட்ட 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேரே விழும். மழைத்தண்ணீர் வழிந்தோட இரண்டு மூன்று டிகிரி சரிவு போதும்.

இனி ஐப்பசி, கார்த்திகை. அடைமழை வாரத்தில் 400 வாட் கூரையில் இருந்தும் ஒரு நாள் செலவில் பாதி கிடைப்பதே பெரிது. மூன்றாவது பேனல் வாங்குவதா, வண்டி எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் எடுக்கும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வாங்குவதா என்றால், சந்தேகமில்லாமல் இரண்டாவது. ஒரு மணி நேர ஓட்டத்தில் 400 வாட்-அவர் ஏறும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போவதற்குள் ஒரு நாள் செலவு பேட்டரியில் வந்துவிடும். லித்தியம் பேட்டரி என்றால் இது கட்டாயம். வெறும் ரிலே வழியாக இணைத்தால் லித்தியம் கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் கருகும்.

பேட்டரியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் (ஈய-அமில வகை) 50 கிலோவுக்கு மேல், பாதிதான் பயன்படும், வாயு விடும் என்பதால் படுக்கைக்கு அடியில் வைக்கவே கூடாது. 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பாஸ்பேட் 12 கிலோ அளவில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தரும். ஆனால் 45 டிகிரிக்குமேல் அதற்குச் சார்ஜ் ஏற்றுவது நல்லதல்ல, எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். லித்தியம் போட்டால் கன்ட்ரோலரில் வெப்ப ஈடு (சூட்டுக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றுவது), ஈக்வலைஸ் (அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுப்பது) என்ற ஈய-அமில பேட்டரிக்கான இரண்டையும் அணைத்துவிடுங்கள். பழைய டியூபுலரோடு பேரலலாகச் சேர்க்க வேண்டாம்.

இணைக்கும்போது கன்ட்ரோலரைப் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், 10 சதுர மில்லிமீட்டர் வயர், பாசிட்டிவ் முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃப்யூஸ். 6 சதுர மில்லிமீட்டர் வயரை மூன்று மீட்டர் இழுத்தால் 30 ஆம்பியரில் அரை வோல்ட் தொலையும், பேட்டரி நிறையாமலே கன்ட்ரோலர் நிறைந்ததாக நினைத்துக்கொள்ளும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியை இணையுங்கள், பிறகு பேனலை, கழற்றும்போது தலைகீழ். ஏற்கெனவே பேட்டரி மானிட்டர் இருந்தால் கன்ட்ரோலரின் நெகட்டிவை ஷன்ட்டின் (மானிட்டருக்காக மின்சாரத்தை அளக்கும் துண்டு) லோடு பக்கம் கட்டுங்கள். நேரே பேட்டரி முனையில் கட்டினால் சோலாரில் ஏறியது கணக்கிலேயே வராது. பேட்டரி நிறைந்திருக்கும், மானிட்டர் 40 சதவீதம் காட்டும்.

வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் அடிக்கடி போகிற வண்டியில் எம்சி4 இணைப்புகளை (பேனல் வயர்களைச் சேர்க்கும் சொருகிகள்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஊசிமுனையில் பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது. துடைத்து ஒப்பேற்றாமல் வெட்டிப் புதிது போடுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடும் இடத்தில் நைலான் வாஷர் வையுங்கள். சம்பா அறுவடைத் தூசி தை, மாசியில் பனியோடு சேர்ந்து பேனலில் பொருக்காகும். காலையில், பேனல் சூடேறும்முன் கழுவ வேண்டும். கடலோர போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும், அதற்கு நல்ல தண்ணீர்தான்.