சார்ஜிங் வரிசை: காத்திருப்பதா, கிளம்புவதா?

சார்ஜிங் நிலையத்தில் இரண்டே ஃபாஸ்ட் சார்ஜர் கன். இரண்டிலும் கார் நிற்கிறது, உங்களுக்கு முன்னால் இன்னொருவர் வேறு காத்திருக்கிறார். உங்கள் பேட்டரியில் 24 சதவீதம். வரிசையில் நிற்கலாம், அடுத்த நிலையத்துக்குப் போகலாம், அல்லது ஓரத்தில் சீண்டுவாரில்லாமல் கிடக்கும் ஏசி (மாறுதிசை மின்சாரம்) ஸ்லோ சார்ஜரில் சொருகலாம். வந்ததுதான் வந்துவிட்டோம் என்று பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். மூன்றில் நான் கடைசியாகத் தேர்ந்தெடுப்பது அதைத்தான். ஆனால் முடிவெடுக்கும் முன் இறங்கிப் போய் இரண்டு சார்ஜர்களின் திரையையும் பார்த்துவிடுவேன்.

நிற்கும் கார்களின் எண்ணிக்கையை வைத்து வரிசையை அளக்க முடியாது. ஒரு திரையில் 62 சதவீதம், 45 கிலோவாட். இன்னொன்றில் 88 சதவீதம், 14 கிலோவாட். எது முதலில் காலியாகும்? 88 என்றுதான் மனசு சொல்லும். கணக்கு வேறு. இரண்டும் 60 யூனிட் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒரு கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஏறினால் ஒரு யூனிட்). 62-இல் இருப்பவர் 80-இல் கிளம்புவார் என்றால் அவருக்கு இன்னும் 11 யூனிட்டுக்கும் குறைவாகத்தான் வேண்டும். கால் மணி நேர வேலை. 88-இல் இருப்பவர் 100 வரை இருந்தே தீருவேன் என்றால் தேவை வெறும் 7 யூனிட்தான், ஆனால் அரை மணி நேரத்தைத் தாண்டும். குடம் நிரம்பிக் கழுத்துக்கு வரும்போது குழாயைச் சிறிதாக்குவோமே, அப்படித்தான் லித்தியம் பேட்டரி நிறைய நிறைய, செல்களுக்குக் கேடு வராமலிருக்க, உள்ளே போகும் மின்சாரத்தைக் கார் குறைத்துக்கொண்டே வரும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதல்ல. "அண்ணே, எத்தனை பர்சென்ட் வரைக்கும் போடப்போறீங்க?" இப்படிக் கேட்டால் அனேகமாக நேரான பதில் கிடைக்கும். சில சமயம் கேட்ட பிறகுதான் அவரே யோசித்து, 80 போதும் என்று சொல்வதும் உண்டு. பதில் எண்பதென்றால் நிற்கலாம். நூறென்றால் அடுத்த வழியைப் பார்க்க வேண்டும்.

அடுத்த நிலையம் போகும் பாதையிலேயே 25 கிலோமீட்டரில் இருந்தால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. எப்படியும் ஓட்ட வேண்டிய தூரம்தானே. உங்களுடையதும் 60 யூனிட் பேட்டரிதான், 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் குடிக்கும் கார் என்றால் 4 யூனிட் போகும், கையில் 17 சதவீதம் மிஞ்சும். பேட்டரி இறங்கியிருக்கும்போது ஃபாஸ்ட் சார்ஜிங் வேகமாக ஏறுவது கூடுதல் லாபம். கொஞ்சம் மெதுவாகப் போனால் இன்னும் மிஞ்சும்: 100 கிலோமீட்டர் வேகத்தை 80-க்கு இறக்கினாலே காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதே நிலையம் வந்த வழியில் பின்னால் இருந்தால் கதை மாறிவிடுகிறது. போக வர 50 கிலோமீட்டர், 8 யூனிட், அதை நிரப்பவே 50 கிலோவாட் சார்ஜரில் பத்து நிமிடம். ஓட்டும் நேரம் தனி. அதற்கு இங்கேயே நின்றுவிடலாம்.

கிளம்புவதென்றால் ஒரு நிபந்தனை: போகுமிடத்தில் சார்ஜர் பழுதாக இருந்தாலும் அதற்கடுத்த இடத்தை எட்டும் அளவு சார்ஜ் இருக்க வேண்டும். ஆப்பில் பச்சையாகத் தெரிவது அந்த நொடியில் கன் காலி என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதை நோக்கி எத்தனை பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. சற்று முன் யாராவது அங்கே சார்ஜ் போட்ட பதிவு இருந்தால் அதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

அந்த அளவு சார்ஜ் இல்லாதவருக்குக் கைகொடுப்பது யாரும் சீண்டாத ஏசி சார்ஜர். 7 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் போட்டால் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாமல் கிடைக்கும். பேட்டரியை நிரப்ப அது உதவாதுதான். அடுத்த நிலையத்தை எட்ட எத்தனையோ தடவை அதுவே போதும். ஃபாஸ்ட் சார்ஜருக்கான முறை வரும்வரை சும்மா நிற்பதற்குப் பதில் இதில் சொருகி வைப்பது இன்னும் நல்லது. பின்னால் வருபவரிடம் "அடுத்தது நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒன்று, பலகையில் 22 கிலோவாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். ஏசியில் வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருக்கும் சார்ஜர். அது 3.3 கிலோவாட் என்றால் அவ்வளவுதான்.

இரட்டைக் கன் இயந்திரங்களிலும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. 60 கிலோவாட் இயந்திரத்தில் பக்கத்துக் கன்னும் ஓடினால் பல இடங்களில் ஆளுக்கு 30-தான். பக்கத்தில் யாருமில்லாத 50 கிலோவாட் இயந்திரம் காலியாக இருந்தால் அதுவே மேல்.

நிலையம் நடத்துபவர்கள் கையிலெடுத்த வழிகளும் இரண்டு விதம். டெஸ்லா 2016 டிசம்பரிலேயே, சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காதவர்களுக்குக் கட்டணம் விதித்தது. இது சாப்பிடப் போய் மறந்தவரைப் பிடிக்கும். 88-லிருந்து 100-க்கு ஊர்ந்துகொண்டிருப்பவரைத் தொடாது. எலக்ட்ரிஃபை அமெரிக்கா என்ற சார்ஜிங் நிறுவனம் 2024-இல் கலிஃபோர்னியாவில் நெரிசலான சில நிலையங்களில் 85 சதவீதத்தோடு சார்ஜிங்கை நிறுத்தும் முறையைச் சோதித்துப் பார்த்தது. வரிசையை நகர்த்துவதில் இரண்டாவதுக்குத்தான் என் ஓட்டு, அக்கம்பக்கத்தில் வேறு நிலையங்கள் இருக்கும் இடங்களில் மட்டும். அடுத்த சார்ஜர் 200 கிலோமீட்டர் தள்ளி என்றால் ஒருவருக்கு 100 சதவீதம் நிஜமாகவே தேவைப்படலாம். அங்கே இயந்திரம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதைவிட, உச்ச நேரத்தில் 85-க்கு மேல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூடுதல் கட்டணம் வைத்து முடிவை அவரிடமே விட்டுவிடலாம்.