புளியரை ஏத்தத்தில் நின்ற வண்டியும், ‘புது ஈசிஎம்’ என்று சொல்லி வாங்கிய 38,000 ரூபாயும்

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூர், கொல்லம் பக்கம் ஓடும் பிக்கப் டிரைவர்கள் எல்லாரும் இதைப் படிச்சிருங்க. பெரிய வண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஈசிஎம் என்றால் இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. ஒர்க் ஷாப் பேரைப் போடலை. மனு கொடுத்திருக்கேன், அது முடியட்டும்.

என் வண்டி 2018 மாடல், பி.எஸ்.4, காமன் ரெயில் டீசல். சொந்த வண்டி, நானே ஓட்டுறேன். ஓணத்துக்கு நாலு நாள் முன்னாடி முருங்கைக்காய், தக்காளி, சின்ன வெங்காயம் என்று ஒன்றேகால் டன் ஏற்றிக்கொண்டு ராத்திரி கிளம்பினேன். சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. புளியரை எஸ் வளைவு தாண்டி ஏறும்போது மீட்டரில் இஞ்சின் லைட் எரிந்தது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் இழுவையே இல்லை. நூறு அடி போனதும் ஆஃப். மறுபடி போட்டால் சுற்றுது, பிடிக்கவில்லை.

பின்னால் வந்த கொல்லத்து ஜீப்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துக் கோட்டைவாசல் தாண்டிக் கீழே கேரளப் பக்கம் ஒரு ஒர்க் ஷாப்பில் கொண்டுவந்து விட்டார். பணம் நீட்டினேன், வாங்கவே இல்லை. இதை ஏன் சொல்றேன்னா, ‘அந்தப் பக்கத்து ஆளுக இப்படித்தான்’னு யாரும் கிளம்பிவிடக் கூடாது. என்னை ஏமாத்தினவர் என்னிடம் சுத்தமான நம்ம ஊர்த் தமிழில் பேசினவர். “நம்ம பிள்ளைதான, பாத்துச் செய்றேன்” என்று அவர் சொன்னதில்தான் நான் விழுந்தேன்.

லோடை வேறு வண்டிக்கு மாற்ற 2,500 ரூபாய். விடிந்ததும் அந்த ஒர்க் ஷாப்காரர் ஸ்கேனரை மாட்டினார். ரெயில் பிரஷர் சென்சார், பூஸ்ட் சென்சார், பெடல் சென்சார் என்று வரிசையாக எரர் வந்தது. “பாரு தம்பி, இத்தனை சென்சாரும் ஒரே நேரத்தில் போகுமா? போகாதுல்ல? அப்ப மூளைதான் போயிருக்கு. ஈசிஎம் அவுட்.” கேட்க நியாயமாகவே இருந்தது. ஸ்கேனர் திரையை ஒரு போட்டோ எடுத்து வைத்தேன். பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்ததும் அதையும் ஒரு போட்டோ எடுத்து, தென்காசியில் ஸ்பேர் கடையில் வேலை பார்க்கும் மச்சானுக்கு அனுப்பி விலை கேட்டேன். “புதுசுன்னா நாற்பதுக்கு மேலே ஆகும் மாப்ளே” என்றான். இவர் 46,000 சொல்லி, பேசிப் பேசி 38,000-க்கு வந்தார். வீட்டில் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தாள், பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு. அதை அனுப்பச் சொல்லி அங்கேயே நின்று கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் “கொல்லத்தில் இருந்து சாதனம் வந்துருச்சு” என்றார். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாட்டி முடித்துவிட்டார். சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்றில் பிடித்தது. பழைய பெட்டியைக் கேட்டேன். “அது குப்பை, என்ன பண்ணப்போறே” என்றார். பில் என்று ஒரு வெள்ளைத் தாளில் ‘ஈசிஎம் புதுசு 38,000’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சரியாக ஒன்பதாவது நாள், அதே ஏத்தம், அதே இடம். வண்டி நின்றது.

இந்த முறை லோடைச் செங்கோட்டைக்கே திருப்பி, வயரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். முப்பது வருஷமாக லாரி வயரிங் பார்ப்பவர். நான் கதை முழுவதையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “சாவி ரெண்டையும் கேட்டாங்களா தம்பி?”

கேட்கவே இல்லை. இரண்டாவது சாவி வீட்டில் பீரோவில் கிடந்தது.

அப்புறம்தான் அவர் விளக்கினார். நம்ம வண்டியில் சாவிக்குள் சிப் இருக்கு. புது ஈசிஎம் போட்டால் இம்மொபிலைசரோடு, அதாவது திருட்டுத் தடுப்புப் பூட்டோடு, அதைச் சேர்க்கணும், சாவியைக் கோடிங் பண்ணணும். இல்லையென்றால் வண்டி பிடிக்காது. அதோடு டீசலைப் பீச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒரு கோட் நம்பர் எழுதியிருக்கும், அதையும் புதுப் பெட்டிக்குள் ஏற்றணும். வேறு வண்டியின் பழைய பெட்டி என்றாலும் அப்படியே மாட்டினால் வேலை செய்யாது. லேப்டாப்பும் நேரமும் வேண்டிய வேலை அது, டீ குடிக்கிற நேரத்தில் முடியாது.

பெட்டியைக் கழற்றினார். மேலே புத்தம்புது ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், இடது மூலை மடங்கி, எண்ணெய் படிந்து. மச்சானுக்கு அனுப்பிய போட்டோவை போனில் பெரிதாக்கி அதன் பக்கத்தில் வைத்தோம். அதே சீரியல் நம்பர். அதே மடங்கிய மூலை. என் பெட்டியையே துடைத்து எனக்கே 38,000-க்கு விற்றிருக்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அப்படியென்றால் ஒன்பது நாள் எப்படி ஓடியது? அதைத்தான் அவர் அடுத்துக் காட்டினார். ஸ்கேனர் போட்டோவில் சென்சார் எரர்களுக்கு நடுவில் பி0642 என்று ஒன்று இருந்தது. சென்சார்களுக்கு ஈசிஎம் அனுப்பும் 5 வோல்ட் குறைகிறது என்று அர்த்தம். பல சென்சார்கள் அந்த ஒரே 5 வோல்ட் லைனைப் பங்கிட்டுக்கொள்ளும். எங்காவது ஒரு வயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டால் மொத்த லைனும் படுத்துவிடும், எல்லா சென்சாரும் ஒரே நேரத்தில் செத்த மாதிரி காட்டும். ‘இத்தனை சென்சாரும் ஒரே நேரத்தில் போகுமா’ என்றால், இப்படித்தான் போகும்.

சென்சார் கனெக்டரில் மீட்டரை வைத்தார். 5 இருக்க வேண்டிய இடத்தில் 0.3. சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார், வோல்ட் ஏறவில்லை. அப்படியானால் கோளாறு வயரில் என்று சொல்லி, இஞ்சின் பின்பக்கம் போகும் வயர் கட்டைக் கையால் அசைத்தார். மீட்டரில் எண் 4.9-க்குக் குதித்தது. விட்டால் விழுந்தது. டார்ச் அடித்துக் காட்டினார்: ஒரு இரும்பு பிராக்கெட்டின் விளிம்பு தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னுது. அதன்மேல் டேப் கிழிந்து, தலைமுடி அளவுக்குச் செம்பு தெரியுது. லோடோடு ஏறும்போது இஞ்சின் ஒரு பக்கம் சாயும், அப்போது செம்பு இரும்பில் உரசும். அந்த ஒர்க் ஷாப்பில் பெட்டியைக் கழற்றி மாட்டும்போது வயர் கொஞ்சம் விலகியிருக்கிறது. அந்த ஒன்பது நாள் ஓட்டம் அதனால் வந்தது.

வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கிளிப்பை வேறு இடத்துக்கு மாற்றினார். 850 ரூபாய்.

ஈசிஎம் போகவே போகாது என்று சொல்லவில்லை. உள்ளே தண்ணீர் இறங்கினால், பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைத்தால், ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ் மைனஸ் மாறினால், போகும். ஆனால் அது கடைசியாகச் சொல்ல வேண்டிய வார்த்தை. அதற்கு முன் ஈசிஎம்முக்குப் பேட்டரி வோல்ட் முழுசா வருதா, ரிலே சரியா, எர்த் சரியா, 5 வோல்ட் லைன் நிக்குதா என்று மீட்டர் வைத்து உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்க. அரை மணி நேர வேலை. காட்ட மாட்டேன் என்றால் வண்டியை இழுத்துக்கொண்டு வேறு இடம் போங்க. கழற்றும் எந்தப் பெட்டியையும் நம்பர் தெரியப் போட்டோ எடுங்க. மாற்றினால் பழையதை வீட்டுக்குக் கொண்டுவாங்க. ஜிஎஸ்டி பில்லில் புதுப் பெட்டியின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்க.

அந்த ஒர்க் ஷாப்காரருக்குப் போன் பண்ணினேன். முதலில் “உன் வயரிங் கோளாறுக்கு நான் என்ன செய்ய” என்றார். ஸ்டிக்கர் விஷயத்தைச் சொன்னதும் கட் பண்ணிவிட்டார். நேரில் போனேன், கடையில் பையன்கள் மட்டும்தான். 1915, நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் பதிந்திருக்கேன். கடை கேரளாவில் இருப்பதால் அங்கே போய் அலைய வேண்டுமே என்றுதான் முதலில் தயங்கினேன். தேவையில்லை. 2019 சட்டப்படி நாம குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுக்கணும். ‘லோடு வண்டி, வியாபாரத்துக்கு வச்சிருக்கான்’ என்று எதிர்த்தரப்பு சொல்லப் பார்க்கும். சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டும் வண்டிக்கு அந்தத் தடை கிடையாது. வெள்ளைத் தாள் பில், இரண்டு போட்டோ, உரித்த ஸ்டிக்கர் எல்லாம் மனுவோடு வைத்திருக்கேன்.

இந்த ரோட்டில் ஓடும் நம்ம ஆட்களில் யாருக்காவது ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் ஈசிஎம் மாற்றியிருந்தால், சாவி இரண்டையும் கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்க. கேட்காமல் மாற்றியிருந்தால் பெட்டியைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்க. பில் இருந்தால் எனக்கு அனுப்புங்க. அடுத்த மாசம் வாய்தா, அன்றைக்கு என் தாளோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.