பென் டிரைவ் பூட் ஆகாதபோது: வென்டாயுடன் என் அனுபவம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. அதனால் அக்கம்பக்கத்தில் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் பலருக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்ஸ்டால் செய்வது சுலபம். பென் டிரைவை பூட் ஆக வைப்பதில், அதாவது மெஷினை அதிலிருந்து தொடங்க வைப்பதில்தான் நேரம் போகிறது.

நான் நீண்ட நாளாக வைத்திருப்பது வென்டாய் (ஒரே பென் டிரைவிலிருந்து பல இயங்குதளங்களை பூட் செய்ய உதவும் மென்பொருள்) போட்ட ஒரு 32 ஜிபி டிரைவ். ஒருமுறை நிறுவிவிட்டால் அப்புறம் இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவத் தேவையான எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) அப்படியே காப்பி செய்தால் போதும். மின்ட், விண்டோஸ் இரண்டும் ஒன்றாக இருக்கும். பூட் ஆகும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு) இயங்கும் மெஷினில் மட்டும் முதல்முறை சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும், ‘செக்யூரிட்டி வயலேஷன்’ என்று. பார்த்தவுடன் டிரைவ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அடுத்து வரும் நீலத் திரையில் ‘என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்’ போய், வென்டாயின் சின்ன பார்ட்டிஷனில் இருக்கும் சாவிக் கோப்பைக் காட்டி, ரீபூட் செய்தால் சரியாகிவிடும். மெஷினுக்கு ஒருமுறை செய்தால் போதும். செக்யூர் பூட்டை அணைத்தாலும் வேலை நடக்கும்தான். ஆனால் விண்டோஸை விட்டுவைத்துப் பக்கத்தில் லினக்ஸ் போடுபவர்கள் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெகவரி கீயை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புகளில்) கைவைத்த பிறகு விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

சில மெஷின்கள் வென்டாயோடு ஒத்துப்போகாது. அங்கே ரூஃபஸ், இதுவும் பூட் ஆகும் பென் டிரைவை எழுதித் தரும் மென்பொருள்தான். அதில் பார்ட்டிஷன் முறையாக, புதிய யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த முறை) மெஷினுக்கு ஜிபிடி, பழைய பயாஸ் மெஷினுக்கு எம்பிஆர். இது மாறினால் பூட் மெனுவில் டிரைவின் பெயரே வராமல் போகலாம். விண்டோஸ் ஐஎஸ்ஓவை ஃபேட்32 ஃபார்மேட்டில் உள்ள டிரைவில் கையால் காப்பி செய்ய முயல்பவர்களுக்கு வேறொரு முட்டுக்கட்டை: 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது, உள்ளே இருக்கும் இன்ஸ்டால்.விம் கோப்பு பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் போட்டு அதைச் சமாளித்துவிடும்.

பூட் மெனுவுக்காக எஃப்12, எஸ்கேப் என்று தட்டித்தட்டி அலுத்துப்போனால் விண்டோஸிலிருந்தே ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். ‘யூஸ் எ டிவைஸ்’ என்ற தேர்வு இருந்தால் அங்கேயே பென் டிரைவைப் பிடித்துவிடலாம்.

டிரைவ் பூட் ஆகியும் இன்ஸ்டாலரில் லேப்டாப்பின் எஸ்எஸ்டி டிஸ்க் தெரியவில்லை என்றால் பென் டிரைவைத் திரும்ப எழுதிப் பயனில்லை. இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி (டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் முறைகள்) இயங்குகிறதா என்று பயாஸில் பாருங்கள். ஏஹெச்சிஐ என்ற வழக்கமான முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மாற்றிய பிறகு பழைய விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம். முழுதாக அழித்துப் போடுபவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ரூஃபஸில் டிடி முறையில் (ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுக்கும் முறை) எழுதிய டிரைவ், வேலை முடிந்தபின் சில எம்பி மட்டுமே இருப்பதுபோல் காட்டும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கட்டளைக் கருவியில் ‘கிளீன்’ கொடுத்து ஃபார்மேட் செய்தால் முழுக் கொள்ளளவும் திரும்பும். அதற்கு முன் ‘லிஸ்ட் டிஸ்க்’ போட்டு, தேர்ந்தெடுத்தது பென் டிரைவ்தானா என்று அளவை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கிளீன்’ எந்த உறுதிப்படுத்தலும் கேட்காமல் அழித்துவிடும்.