பழைய முலாம் பட்டறை நிலம்: எங்களுக்கு மண் ஆய்வு செய்த குழு எப்படி?

சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு நிக்கல், குரோம் முலாம் பட்டறை இருந்தது. மூடி வருஷக்கணக்காகிறது. அந்த இடத்தை அங்கன்வாடிக்கும் பிள்ளைகள் விளையாடவும் தர உரிமையாளர் குடும்பம் சம்மதித்தது. மண்ணைப் பரிசோதிக்காமல் கடைக்கால் தோண்டக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தில் நான் பிடிவாதமாக நின்றேன். அதற்காக நாங்கள் அமர்த்திய ஆய்வுக் குழுவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு நான்கு தருவேன்.

இவர்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் ஆள் வந்து, நிலத்தின் நடுவில் மேல் மண்ணை ஒரு கவரில் அள்ளிக்கொண்டு போனார். மொத்தக் குரோமியம் அதிகம், நிக்கலும் அதிகம், நிலம் முழுக்க மூன்றடி மண்ணை எடுத்துவிடுங்கள் என்று அறிக்கை வந்தது. அவ்வளவு செலவுக்குச் சங்கம் எங்கே போகும்?

இந்தக் குழு வந்த அன்று மண்ணைத் தொடவே இல்லை. பட்டறையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, நிலத்தில் நடக்கவைத்துக் கேட்டார்கள். “தொட்டி இங்கதான் இருந்துச்சு கண்ணு. சாமான் கழுவுன தண்ணி இந்த வேலியோரமாத்தான் போகும்” என்று அவர் கைகாட்டிய இடமெல்லாம் வரைபடத்தில் ஏறியது. எங்கள் பையன்கள் கோலப்பொடியால் கட்டம் போட வந்தபோது, சோதனைக்கு எடுக்கும் மண்ணில் பொடி கலந்துவிடும் என்று தடுத்து, கம்பியில் சிறு கொடி கட்டி நட்டார்கள்.

துளை போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கையால் திருகி மண்ணைத் துளைக்கும் ஆகர் என்ற கருவிதான். ஒவ்வொரு துளைக்கும் புதுக் கையுறை. அடுத்த துளைக்குப் போகுமுன் ஆகரைத் தேய்த்துக் கழுவினார்கள். மேல் மண்ணைத் தனியாக, அடி மண்ணைத் தனியாகப் பாட்டிலில் போட்டு, இடம், ஆழம், நேரம் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். வேலியோரத் துளையில் செம்மண்ணுக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. அதைக் கண்டதும் அங்கே இன்னும் ஆழமாகப் போனார்கள்.

அப்புறம் பட்டறைக்கும் அதன் தண்ணீருக்கும் சம்பந்தமில்லாத ஒரு மேட்டுக்காட்டிலும் மண் எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மாமாங்கம், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) கிடக்கும் பாறையில் குரோமியமும் நிக்கலும் இயற்கையாகவே உண்டு. அதனால் மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தால், பட்டறை விட்டுப்போனது எது, பாறை தந்தது எது என்று பிரிக்க முடியாது. பாறையில் இருக்கும் குரோமியம் பெரும்பாலும் ட்ரைவேலண்ட் (மூன்று இணைதிறன்) வகை. தண்ணீரில் எளிதில் கரையாது. முலாம் தொட்டியில் பயன்படுவது ஹெக்சாவேலண்ட் (ஆறு இணைதிறன்) வகை. கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும். மண்ணில் விளையாடிவிட்டுக் கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்கான இடத்தில் இதைத் தனியாக அளக்காத அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

முடிவு வந்தது. மேட்டுக்காட்டு மண்ணிலும் மொத்தக் குரோமியம் கிட்டத்தட்ட அதே அளவு. ஹெக்சாவேலண்ட் வகை மட்டும், முன்பு தொட்டி இருந்த மூலையிலும் வேலியோர வாய்க்காலிலும்தான் இருந்தது. அந்த மண்ணைத் தோண்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு அனுப்பலாம். அல்லது ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கலந்து ட்ரைவேலண்ட்டாக மாற்றி, மறுபடி சோதிக்கலாம் என்று இரண்டு வழி சொன்னார்கள். 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த மாசடைந்த நிலங்களுக்கான விதிகளில் உள்ளாட்சிக்கும் பங்கு இருப்பதால் மாநகராட்சிக்கு இப்போதே எழுதிவிடுங்கள் என்றும் சொன்னார்கள், எழுதிவிட்டோம். ராணிப்பேட்டையில் 1995-ல் மூடிய குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு வருஷக்கணக்கில் கிடந்ததை நினைத்தால், இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் அறிக்கை. தடிமனான புத்தகம், முழுக்க ஆங்கிலம். அந்த மண்ணோடு வாழப்போவது எங்கள் தெருப் பெண்களும் பிள்ளைகளும்தான். அவர்கள் படிக்கத் தமிழில் இரண்டு பக்கமாவது வேண்டாமா? கேட்ட பிறகு தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், போர்வெல் தண்ணீருக்கு வேறு கட்டணம். இதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்வெல் தண்ணீர் இப்போது குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியத்துக்குள் இருக்கிறது. மழைக்குப் பிறகு மாறலாம் என்பதால் ஐப்பசி மழை முடிந்ததும் இன்னொரு முறை எடுக்க இதே குழுவைத்தான் அழைத்திருக்கிறோம். அதுவரை அந்தக் குழாயைப் பூட்டி வைத்திருக்கிறோம்.