மில் எண்ணெயா, பாக்கெட் எண்ணெயா?

களியக்காவிளையில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய் வாங்க இரண்டு வழி. தெருமுனைக் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் 437 ரூபாய். கேரள எல்லை தாண்டி பாறசாலைப் பக்கம் போனால் மில்லில் கிலோ 460. போன மாதம் வரை பாக்கெட்தான் வாங்கினோம், 23 ரூபாய் மிச்சம் என்ற நினைப்பில்.

மணத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அன்றன்று ஆட்டின எண்ணெய்க்குப் பக்கத்தில் பாக்கெட் நிற்காது. விலைதான் விஷயம்.

மகள் நேர்விகித வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அதே தாளில் இதையும் போடச் சொன்னேன். கீழே அளவு, பக்கத்தில் ரூபாய். மில் கோடு பூஜ்யத்தில் தொடங்கி, 1-க்கு 460, 2-க்கு 920 என்று நேராக ஏறியது. பாக்கெட் கோடு அதற்குக் கீழே. சாய்வு குறைந்த கோடுதான் மலிவு. நான் நினைத்தது சரி என்று எழுந்துவிட்டேன்.

"அப்பா, கீழே போட்டிருக்கிறது கிலோவா, லிட்டரா?" என்றாள்.

அங்கேதான் மாட்டினேன். தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட லேசு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் 910 கிராம். மில்காரர் தராசில் நிறுத்துத் தருகிறார், பாக்கெட்காரர் லிட்டரில் அளக்கிறார். இரண்டையும் ஒரே அச்சில் வைத்தது என் தப்பு. அழித்துவிட்டு 437 ரூபாய்ப் புள்ளியை 1-இலிருந்து 0.91-க்கு இடப்பக்கம் நகர்த்தினாள். கோடு நிமிர்ந்து மில் கோட்டுக்கு மேலே போய்விட்டது. கிலோ கிட்டத்தட்ட 480! அரை லிட்டர் பாக்கெட் 225 ரூபாய். அந்தப் புள்ளி கோட்டிலேயே உட்காராமல் இன்னும் மேலே நின்றது.

சரி, மில்லுக்குப் போய்வரப் பெட்ரோல்? எனக்கு 40 ரூபாய் ஆகிறது. அதைச் சேர்த்ததும் மில் கோடு பூஜ்யத்தை விட்டு 40-இல் தொடங்கியது. அப்புறம் அது நேர்விகிதமே இல்லை. வாங்க வாங்கத்தான் கிலோ விலை இறங்கும். இரண்டு கோடும் 2 கிலோவில், 960 ரூபாயில் வெட்டின. அதற்குக் குறைவாக வாங்குகிறவர்கள் தெருமுனைக் கடைக்கே போகலாம்.

ஐந்து கிலோ வாங்கினால் 60 ரூபாய் மிச்சம் என்கிறது தாள். மழைக்காலத்தில் அவ்வளவு எண்ணெய் காறாமல் இருக்குமா? நான் வைத்துப் பார்த்ததில்லை. இப்போதைக்கு மூன்று கிலோ, தூக்குவாளியில். மிச்சம் 20 ரூபாய். அதுவும் மில்லுக்கு எதிரே சாயாக்கடையில் பழம்பொரியோடு கரைந்துவிடுகிறது.