மூன்று கோடை பார்த்த சோலார்: வெயில் இருக்கு, கரண்ட் இல்லை

"சோலார் போட்ட வீட்டில் எப்படிக் கரண்ட் போகும்?"

பெங்களூரில் ராமமூர்த்தி நகரிலிருந்து அல்சூர் வரை, மாடியில் சோலார் போடலாமா என்று விசாரிக்கிறவர்கள் கேட்கும் கேள்வி இது. அதனால் முதலிலேயே சொல்லிவிடலாம். போகும். உச்சி வெயிலில், பேனல் கொதிக்கும்போதே போகும். 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், மூன்று கோடை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எரிச்சல் ஒரு துளி குறையவில்லை.

காரணம் எளியது. ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாகக் கரண்ட் அலையை உண்டாக்குவதில்லை. ஊருக்குக் கரண்ட் கொடுக்கும் பெஸ்காம் நிறுவனத்தின் லைனில் வரும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதோடு கைகோத்து ஓடுகிறது. லைன் செத்தால் ஓரிரு நொடியில் நின்றாக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கம்பியைத் தொடும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் திரும்பி வந்தால் என்ன ஆகும்? நியாயமான விதிதான். விற்க வருகிறவர் இதை ஒரு வரி சொல்லாததுதான் அநியாயம்.

கரண்ட் திரும்பி வந்ததும் சோலார் ஓடிவிடுமா என்றால், அதுவும் இல்லை. லைன் நிலையாக இருக்கிறதா என்று ஒரு நிமிடம் முதல் ஐந்து நிமிடம் வரை பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு முறை கண் சிமிட்டினால் எண்ணிக்கை முதலிலிருந்து. மே மாதக் காற்று மழையில் நாலு சிமிட்டல் போதும், இருபது நிமிட வெயில் வீண்.

இதற்கு ஒரு குறுக்கு வழி சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள்: "யு.பி.எஸ். அவுட்புட்டில் இன்வெர்ட்டரைக் கொடுத்துவிடலாம், லைன் இருக்கிற மாதிரி அதுக்குத் தெரியும்." செய்யவே கூடாது. பழைய ஸ்கொயர் வேவ் (சதுர அலை) யு.பி.எஸ். என்றால் இன்வெர்ட்டர் சேரவே சேராது. சைன் வேவ் (லைனைப் போலவே சீரான அலை) என்றால் சேர்ந்துவிடும், ஆபத்து அங்கேதான். வீட்டில் இரண்டு ஃபேனும் ஒரு லைட்டும் 200 வாட் எடுக்கும், மாடியிலிருந்து 2,000 வாட் இறங்கும், மீதி யு.பி.எஸ்.ஸுக்குள் பின்வாசல் வழியாகப் புகும். போர்டு கருகும், பேட்டரி பொங்கும். இன்வெர்ட்டர் இணையும் இடம் மெயின் பக்கம், யு.பி.எஸ்.ஸுக்குப் பின்னால் அல்ல.

உருப்படியான வழி இரண்டு. ஒன்று, லைன் இல்லாதபோதும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் அதற்கு லித்தியம் பேட்டரியும். பேட்டரிக்கு மத்திய அரசின் வீட்டு சோலார் திட்டமான சூர்ய கர் மானியம் கிடையாது, பணம் முழுக்கக் கையிலிருந்துதான். மற்றது சிக்கனம்: யு.பி.எஸ். பேட்டரிக்கு மட்டும் தனியாக 150 முதல் 200 வாட் வரை 12 வோல்ட் பேனல் ஒன்று, ஒரு சார்ஜ் கன்ட்ரோலர். 150 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு அது அளவான தீனி. ஃபேன், லைட், வைஃபை பகல் முழுக்க ஓடும். கிரைண்டர் ஓடாது, மாவு காத்திருக்கட்டும்.

அடுத்தது, மீட்டர் சண்டை. மொபைல் ஆப்பில் இன்று 12 யூனிட் என்கிறது, மீட்டரில் எக்ஸ்போர்ட் 8 என்கிறது. "4 யூனிட்டை அடித்துவிட்டார்கள்" என்று கொதிக்கிறவர்கள் அதிகம். அடிக்கவில்லை. பகலில் ஃபிரிட்ஜும் மோட்டாரும் வாஷிங் மெஷினும் அந்த 4-ஐக் குடித்துவிட்டன. இருவழி மீட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே செலவானது அதன் கண்ணில் படாது. இரவில் 6 யூனிட் இறக்குமதி என்றால் அன்றைய கணக்கில் 2 நம் பக்கம். பில் பூஜ்யமாகும் என்பதும் பாதி உண்மைதான், சாங்ஷன் லோடுக்கான (வீட்டுக்கு அனுமதித்த கிலோவாட்டுக்கான) நிலைக் கட்டணம் எப்போதும் வரும்.

கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் 200 யூனிட்டுக்குள் ஏற்கெனவே பூஜ்ய பில் வாங்குகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஹீட்டர் குழாயைக் காட்டி "எங்க வீட்லயும் சோலார் இருக்கே" என்கிறவர்களுக்குத் தனியாக ஒரு நாள் விளக்க வேண்டும். பெங்களூரில் சோலார் என்றாலே வெந்நீர்தான்.

நிழல் விஷயம் 30-க்கு 40 அடி சைட்டில் உயிர்நாடி. வாஸ்துப்படி தண்ணீர்த் தொட்டியைத் தென்மேற்கில் ஏற்றியிருப்பார்கள். பேனல் மட்டத்துக்கு மேல் 2 மீட்டர் நிற்கும் தொட்டி, டிசம்பர் உச்சியில் வடக்கே 1.5 மீட்டர் நிழல் போடும். மாலை நாலு மணிக்கு அது வடகிழக்காக நாலு மீட்டரைத் தாண்டும். பேனலின் ஓரத்தில் ஒரு செல்லை மறைத்தாலும் நிழல் விழுந்த செல் வரிசையைச் சுற்றிக் கரண்டைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடு வழியாக அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு படுத்துவிடும். வடக்குப் பக்கம் என்ன இருந்தாலும் பரவாயில்லை என்பதும் தவறு: ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை பெங்களூரின் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. பக்கத்து சைட்டில் பில்லர் கம்பி மேலே நீட்டிக்கொண்டிருந்தால், இன்னொரு மாடி வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

வெயில் ஏற ஏற உற்பத்தியும் ஏறும் என்பது பாதிதான் சரி. வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். பேனலின் 540 வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. மதியம் செல் 65 டிகிரி தொடும், டிகிரிக்கு 0.35 சதவீதம் என்றால் 14 சதவீதம் போச்சு. கூரையோடு ஒட்டிப் படுக்க வைத்தால் இன்னும் மோசம், அடியில் காற்றோட்டம் வேண்டும். மழை விட்டு மேகம் கிழியும் அந்தப் பத்து நிமிடம் பாருங்கள், பேனல் குளிர்ந்திருக்கும், முள் எகிறும்.

மதியம் கரண்ட் இருந்தும் இன்வெர்ட்டர் நின்றால், பெரும்பாலும் ஓவர் வோல்டேஜ்: வோல்டேஜ் வரம்பைத் தாண்டினால் அது தானாக நின்றுவிடும். பழி கேபிளுக்கும் சேரும். இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 30 மீட்டர் என்றால், 13 ஆம்பியரில் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் கேபிள் இன்வெர்ட்டர் பக்கம் வோல்டேஜை 6 வோல்ட் உயர்த்தும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இரண்டரை வோல்ட். லைனே 250-ல் நிற்கும் தெருவில் அந்த மூன்றரை வோல்ட்தான் ஓடுவதற்கும் நிற்பதற்கும் வித்தியாசம். கொட்டேஷனில் பேனல் பிராண்டைப் பார்க்கிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதில்லை. நியூட்ரல் லூஸ் என்றாலும் இதே கோளாறு வரும். முதலில் அதை இறுக்கச் சொல்லுங்கள்.

கழுவுவது பதினைந்து நாளுக்கு ஒரு முறை, விடிகாலையில். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ நல்லது. சோப்புத் தூள் வேண்டாம். ஏ.சி. பக்கம் ஆஃப் செய்துவிட்டாலும் பேனல் வயரில் சுமார் 300 வோல்ட் டி.சி. இருக்கும், ஓடும்போது எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்கினால் நெருப்புப் பொறி பறக்கும்.

நேர்மையாகச் சொன்னால், அசையும் பாகம் இல்லாத இந்தச் சாமான் மூன்று வருடத்தில் கேட்டது வோல்டேஜ் திடீரென எகிறினால் அதைத் தாங்கிக்கொள்ளும் ஒரே ஒரு சர்ஜ் கார்ட்ரிட்ஜ். நேற்று 14 யூனிட் கொடுத்தது. நேற்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள் என்றிருப்பேன்.

இன்று காலை பத்தே காலிலிருந்து லைன் இல்லை. வேண்டாம், போடாதீர்கள். இன்வெர்ட்டர் திரையில் "நோ கிரிட்" என்று சிவப்பாக எரிகிறது. அந்தச் சிவப்பு விளக்கு எரிவது மட்டும் சோலாரில்.